லாங் ஐலண்டுக்குப் பத்திரிகை வைக்கப் போன கதை

ஞாயிறு, மாலை 6.45. திருப்பூர் ரயில் நிலையம்.

முதல் பிளாட்பாரத்தில் நின்றபோது என் தோள் பைக்குள் இருந்தவை: இரண்டு செட் துணி, ஒரு பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், என் கல்யாணப் பத்திரிகை ஐந்து, அப்புறம் அம்மா கட்டிக் கொடுத்த காங்கேயம் தேங்காயெண்ணெய் ஒரு லிட்டர். எண்ணெய் யாருக்கு என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் சில விஷயங்கள் பதினோரு வருடமாக இப்படித்தான் பேசப்படுகின்றன.

அந்தமானுக்குப் போகிறவர்கள் கடலுக்குள் இறங்கி மீன் பார்க்கப் போவார்கள். நான் போனது என் அக்கா கலாமணியைக் கல்யாணத்துக்கு அழைக்க. முப்பத்து நான்கு வயதில், ஏழு வருடம் பெண் தேடி, எனக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் கூடப்பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, கூறைச் சேலையை வைத்து அவள் செய்யும் சீர். கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா மகளை வைத்துச் செய்யலாம். எனக்குக் கூடப்பிறந்தவள் இருக்கிறாள். பனியன் துணியில் படம் அச்சடிக்கும் எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் ஸ்கிரீன் அடித்துக் கொண்டிருந்த தூத்துக்குடிக்காரர் மிக்கேலைக் கட்டிக் கொண்டு அந்தமானில் லாங் ஐலண்ட் என்கிற தீவில் இருக்கிறாள். அவருடைய சாதி வேறு, சாமியும் வேறு. அவள் போன நாளிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அப்பா இறந்ததைக்கூட நான்கு நாள் கழித்துத்தான் சொன்னோம். அதற்கு நானும் உடந்தை.

போன மாதம் போனில் பேசினேன். "போன்ல கூப்ட்டா வர்றதுக்கு நான் என்ன வாடகைக் கார் டிரைவராடா? நேர்ல வந்து தட்டு வெச்சுக் கூப்புடு. அப்பறம் பாக்கலாம்" என்றாள். நியாயமான பேச்சு. ஆகவே கிளம்பினேன்.

திங்கள், காலை 11.10. போர்ட் பிளேர்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி பத்து நிமிடம். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். போர்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது, ஆட்டோக்காரர் வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது. கப்பல்கள் நிற்கும் பீனிக்ஸ் பே ஜெட்டிக்கு நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார்.

தீவுக்குத் தீவு ஓடும் அரசுக் கப்பல்களின் டிக்கெட்டை அங்கேதான் வாங்க வேண்டும். தனியார் சொகுசுப் படகுகளும் உண்டு. ஆனால் அவை ஹேவ்லாக், நீல் என்று சுற்றுலாக்காரர்கள் போகும் தீவுகளுக்குத்தான். விலையும் இரண்டு மடங்குக்கு மேல். கல்யாணச் செலவு தலைக்கு மேல் நிற்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹாலில் ஏழெட்டுக் கவுண்டர்கள். ஒன்று தீவுக்காரர்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, ஒன்று முதியவர்களுக்கு, ஒன்று என்னைப் போல வெளியூர்க்காரர்களுக்கு. எந்த வரிசை எதற்கு என்பது அங்கே நிற்கிறவர்களுக்கே சந்தேகமாக இருந்தது. முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவம் எங்கே என்று கேட்டால் ஆதார் நகல் எங்கே என்றார்கள். நகல் எடுத்து வந்தால் படிவம் தீர்ந்து, இன்னொரு கட்டு வந்து கொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் புதன்கிழமைக்கு நேராக மூன்று கப்பல், அதில் ஒன்றைப் பேனாவால் அடித்து, அடித்ததை மறுபடி அடித்திருந்தார்கள். அப்படியென்றால் அது போகிறதா இல்லையா?

எனக்கு முன்னால் பத்தொன்பது பேர். பெரிய கூட்டமில்லை. ஆனால் எனக்கு ஒரு வியாதி இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் உண்டு. பின்னால் யாராவது வந்து நின்று பெருமூச்சு விட்டால் போதும், "பரவால்லீங்க, நீங்க போங்க" என்று ஒதுங்கிவிடுவோம். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள், விட்டேன். கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர், விட்டேன். டியூட்டிக்கு நேரமாச்சு என்று சைகை காட்டிய ஒரு நர்ஸ். கடைசியாக எந்தக் காரணமும் சொல்லாமல் சிரித்துக் கொண்டே வந்த ஒரு ஆசாமி. என் யூனிட் இருக்கும் அருள்புரத்தில் பல்லடம் பஸ்ஸை இப்படி விட்டுக் கொடுத்தால் நஷ்டமில்லை, பின்னாலேயே அடுத்தது ஹாரன் அடித்துக் கொண்டு வரும். அதே நினைப்பில் நான் கவுண்டரை அடைந்தபோது, புதன்கிழமை லாங் ஐலண்ட் கப்பலில் இடம் முடிந்துவிட்டது. கடைசி டிக்கெட்டை வாங்கியது சிரித்துக் கொண்டே வந்த ஆசாமி.

கவுண்டரில் இருந்தவர் இந்தியில் ஏதோ விளக்கினார். என் யூனிட்டில் பீகார்ப் பையன்களோடு பழகிய இந்தி என்னுடையது. அதை வைத்து ஒரு டி-ஷர்ட் அடிக்கலாம், டிக்கெட் வாங்க முடியாது. கடைசியில் கண்ணில் கட்டுப் போட்ட அந்தப் பெரியவரே திரும்பி வந்து தமிழில் சொன்னார்.

"தம்பி, புதன்கிழமைக் கப்பல்ல இங்கேருந்து எடமில்ல. ஹேவ்லாக்லேருந்து எடமிருக்கு. நாளைக்கு வேற கப்பல்ல ஹேவ்லாக் போயிருங்க. மறுநாள் இதே கப்பல் அங்க வரும். ஏறிக்கங்க."

"அதே கப்பல்ங்களா?"

"அதே கப்பல்."

"எடமில்லாத கப்பல்ல எப்படீங்க எடம் வரும்?"

"ஹேவ்லாக்ல பாதிப் பேரு எறங்கிருவாங்கல்ல."

அது அப்போது எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டி, இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஹேவ்லாக் வரை அறுநூற்றுப் பத்து ரூபாய், அங்கிருந்து லாங் ஐலண்டுக்கு நானூற்றுப் பத்து. தீவுக்காரர் அட்டை இருந்தால் இதில் சிறு பகுதிதான் ஆகும் என்றார் பெரியவர். என் அக்காவிடம் அந்த அட்டை இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. அவள் வேறு ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

செவ்வாய், காலை 5.10. பீனிக்ஸ் பே.

இங்கே சூரியன் நம்மூரைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது. ஐந்து மணிக்கே வெளிச்சம். ஜெட்டி வாசலில் பை சோதனை, டிக்கெட் சோதனை, ஆதார் சோதனை. பித்தளைத் தட்டைத் தட்டிப் பார்த்த காவலர் என்னைப் பார்த்தார். "கண்ணாலமுங்க" என்றேன். என்ன புரிந்ததோ, விட்டுவிட்டார்.

பக்கத்துப் பக்கத்தில் நான்கு கப்பல்கள் நின்றன, எல்லாம் வெள்ளையும் நீலமும். எது ஹேவ்லாக் போகிறது என்று எழுதியிருக்கவில்லை. கப்பல் பெயர் மட்டும் உண்டு, டிக்கெட்டில் அந்தப் பெயர் சுருக்கமாக இருந்தது. ஒரு கப்பலில் ஏறி உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் அது நீல் தீவுக்குப் போவது தெரிந்தது. பொட்டலத்தோடு இறங்கி அடுத்ததுக்கு ஓடினேன். 6.20-க்குக் கிளம்ப வேண்டியது, 6.35-க்குக் கயிற்றை அவிழ்த்தார்கள்.

கீழ்த்தளத்தில் குளிர்சாதனம், பஸ் சீட்டு மாதிரி வரிசை, மூடிய ஜன்னல், டீசல் வாசம். அரை மணிக்குள் எழுந்து மேலே ஏறிவிட்டேன். மேல்தளத்துக்குப் போய்விடுங்கள் என்பதே இந்தக் கப்பல்களில் போக விரும்புகிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை. காற்று இருக்கிறது, நிற்க இடம் இருக்கிறது, தண்ணீரைப் பார்க்கலாம். முதலில் தண்ணீர் கறுப்பாக இருந்தது, பிறகு ஆழ்ந்த நீலம், கரை வர வர வெளிறிப் பச்சையானது. துணிக்கு டை பண்ணும்போது ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் ஷேடு மாறினால் நாங்கள் சண்டை போடுவோம். இங்கே பத்து நிமிடத்துக்கு ஒரு ஷேடு.

9.05-க்கு ஹேவ்லாக். ஜெட்டி பக்கத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு டார்மிட்டரிக் கட்டில். மீன் சாப்பாடு இருநூறு.

பகல் இரண்டு மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு வெள்ளைக்கார இளைஞர். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். நான் அடித்தது. சாம்பல் துணியில் நாலு கலர் பிரிண்ட், மஞ்சளை மட்டும் இரண்டு தடவை ஓட்டினோம். என் அருள்புரம் யூனிட்டின் மூன்றாவது டேபிள். அவரைக் கேட்டுக் கொண்டு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனை துவையலோ, ஒரு விரிசல் இல்லை. பெருமையில் அவருக்கு ஒரு டீ சொன்னேன். பிறகு என் உடைந்த ஆங்கிலத்தில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவருடைய நாட்டு மொழியாம்.

அவர் சிரித்தார். "என்னை எழுப்பாதே" என்று அர்த்தமாம். அது இரவில் போட்டுப் படுக்கும் சட்டையாம். வசதியாக இருக்கிறதென்று பகலிலும் போட்டுத் திரிகிறார்.

இதில் வெட்கப்பட எனக்கு எதுவும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். எங்கள் தொழிலே அப்படி. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து அப்ரூவல் சாம்பிள் வரும். அதைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, எழுத்தின் ஓரம் சரியா, கலர் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா, இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம். எழுத்தை வாசிக்க மாட்டோம். எந்த நாட்டு எழுத்தோ, எதற்கு வாசிப்பது? என் கல்யாணப் பத்திரிகையையும் அப்படித்தான் பார்த்தேன். அம்மா எழுதிக் கொடுத்த மேட்டரை அச்சகத்துக்காரர் புரூஃப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தங்க நிறம் சரியாக உட்காரவில்லை என்று இரண்டு முறை திருப்பினேன். கீழ்ப்பகுதியில் பெயர் வரிசைக்கு நடுவே ஒரு வரி அளவு வெற்றிடம் இருந்தது. "கேப் அசிங்கமா இருக்குங்க, அதை மூடுங்க" என்று சொல்லி மூட வைத்தேன். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன். ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது. வெளியே எடுத்து வந்தவை இந்த ஐந்துதான், மற்றவற்றை வருகிற ஞாயிறு நல்ல நாள் பார்த்துக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும்.

புதன், காலை 9.20. ஹேவ்லாக்கிலிருந்து லாங் ஐலண்ட்.

இடமில்லாத கப்பல் வந்தது. பாதிக் கூட்டம் இறங்கியது. எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பெரியவர் சொன்னது அப்போதுதான் மண்டைக்கு எட்டியது.

பக்கத்து இருக்கையில் பார்வதி என்று ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். லாங் ஐலண்டைத் தாண்டி இந்தக் கப்பல் போய்ச் சேரும் ரங்கத்தில், கடைவீதியில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர், இவர் பிறந்ததே இங்கேதான். மடியில் ஓட்டை போட்ட ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே கோழிக்குஞ்சுகள் கத்திக் கொண்டிருந்தன. எங்கே, எதற்கு, யாரைப் பார்க்க என்று கால் மணி நேரத்தில் என்னிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்.

"பத்திரிகையக் காட்டுங்க தம்பி. இங்க நமக்குச் சொந்தக்காரவுக கம்மி. தமிழ்ப் பத்திரிகை பாத்து நாளாச்சு."

கொடுத்தேன். அவர் அதைப் படித்த விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. மேலே பிள்ளையார் படத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தார். தாத்தா பெயர், மண்டபம், மாமன்மார், பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் அந்தக் கப்பலில் எங்களோடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கீழே வந்து நிறுத்தினார்.

"சகோதரிகள்னு ரெண்டு பேரு போட்ருக்கு. ரெண்டு பேருக்கும் பெரியப்பா மகள்னு போட்ருக்கே. நீங்க பாக்கப் போற அக்கா பேரு எது?"

"கலாமணிங்க."

"இதுல இல்லியே."

வாங்கிப் பார்த்தேன். இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்னால் மண்டபத்துக்குப் போகும் வழி இருந்தது. இன்னொரு பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன், ஏதோ அதில் மட்டும் இருக்கும் என்பது போல. ஐந்திலும் இல்லை. அவள் பெயரும் இல்லை, மிக்கேல் பெயரும் இல்லை. கூடப்பிறந்தவளை நேரில் அழைக்க, அவள் இல்லாத பத்திரிகையோடு ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். 

"எழுதிருங்க" என்று பார்வதியம்மா பேனா கொடுத்தார். எழுதினேன். பளபளப்புத் தாளில் மை பிடிக்கவில்லை, கப்பல் வேறு ஆடியது. "கலா" வரை ஏதோ வந்தது, "மணி" மாமன்மார் மேல் ஏறி நின்றது. அதைக் கிழித்துப் பைக்குள் போட்டேன். சரியாக எழுதியிருந்தாலும் பிரயோஜனமில்லை. அக்கா எங்கள் யூனிட்டில் ஆறு வருடம் செக்கிங் டேபிளில் இருந்தவள். பிரிண்டில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் அவள் கட்டைவிரல் அங்கே போய் நிற்கும். கையால் எழுதியதையா கண்டுபிடிக்க மாட்டாள்?

பேசாமல் ரங்கத்துக்கே போய்விடலாமா? கப்பல் தப்பிவிட்டது, இடம் கிடைக்கவில்லை என்று போனில் சொல்லலாம். இந்தக் கப்பல்களைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள். போய், புதிதாக அடித்து எடுத்துக் கொண்டு மறுபடி வருவதா? கல்யாணத்துக்கு இருப்பது மூன்று வாரம். எந்தக் கப்பல், எந்தக் கிழமை, எங்கிருந்து இடம்? அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் கலைந்து தெரிந்தன.

11.40-க்கு லாங் ஐலண்ட் வந்துவிட்டது. மரங்கள் கடலுக்குள் கால் வைத்து நிற்கும் ஒரு சின்ன ஜெட்டி. கப்பல் பத்து நிமிடம்தான் நிற்கும் என்றார்கள்.

"எறங்கப் போறீகளா, ரங்கத்துக்கு வர்றீகளா?" என்றார் பார்வதியம்மா.

"தெரியலீங்க."

"அந்தா, அந்த மஞ்சச் சீலைதான உங்க அக்கா? ஒங்க மூக்குதான் அதுக்கும். அது ஒங்களப் பாத்துருச்சு."

பார்த்துவிட்டாள். இறங்கினேன்.

புதன், பகல் 12. லாங் ஐலண்ட்.

அக்கா என் கன்னத்தைத் தொட்டாள். "எளச்சுட்டியேடா கண்ணு" என்றாள். அவளுக்குப் பின்னால் மிக்கேல் நின்றார். முன் தலை நரைத்திருந்தது. "கடல் ரொம்பப் போட்டு ஆட்டிட்டோ?" என்று கேட்டுக் கொண்டே என் பையை வாங்கிக் கொண்டார். நான் சிரித்தேன், முறை சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. எங்கள் யூனிட்டில் இருந்தபோது நான் அவரை "மிக்கேலு" என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

தீவில் கார் இல்லை, பஸ் இல்லை. சிமெண்ட் பாதையில் பத்து நிமிடம் நடந்தோம். தகரக் கூரை வீடு, சுற்றிப் பாக்கு மரங்கள், வாசலில் பிரித்துப் போட்ட ஒரு படகு எஞ்சின். மிக்கேலுக்கு மீன்பிடியும் எஞ்சின் ரிப்பேரும் தொழில். எட்டு வயது மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ரங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள யரட்டா ஜெட்டிக்குப் போகும் அடுத்த படகு இரண்டு மணிக்கு. அதை விட்டால் ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் போகும் விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க முடியாது, வெள்ளிக்கிழமை விமானமும் போய்விடும். ஆகவே எனக்கு இருந்தது இரண்டு மணி நேரம்.

எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வைத்தேன். அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"அம்மா குடுத்துச்சா?"

"ஆமா."

"எனக்குன்னு சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லுல."

மூடியை இறுக்கித் திருகி, சமையல் மேடையில் உள்ளே தள்ளி வைத்தாள்.

சாப்பிட்ட பிறகு தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை வைத்து, இருவரையும் கிழக்கு பார்த்து நிற்கச் சொன்னேன். முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். "அக்கா, ஒரு தப்பு நடந்து போச்சு" என்று வாயெடுப்பதற்குள் அவள் தட்டை வாங்கி, பத்திரிகையைப் பிரித்துவிட்டாள். கட்டைவிரல் மேலிருந்து கீழே இறங்கியது. பெரியப்பா மகள்களின் பெயருக்கு மேலே வந்து நின்றது. ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

 வெளியே கோழி கொத்தும் சத்தம் கேட்டது.

அக்கா நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். பத்திரிகையில் விரல் நின்ற இடத்தில் ஒட்டினாள். செக்கிங்கில் குறையுள்ள பீஸில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதே அழுத்தம்.

"நான்தாங்க்கா சரியாப் பாக்கல" என்றேன். 

மிக்கேல்தான் முதலில் பேசினார். "பேரு கெடக்கட்டும். கலா போயிட்டு வரட்டும். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க சித்தெ சும்மா இருங்க" என்றாள் அக்கா. பிறகு என்னிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "என்ர பேரு மட்டும் போட்டாலும் வரமாட்டேன். இவரு பேரும் போடோணும், முறையோட. இது ரிஜெக்ட் இல்ல, ஆல்டர். சரி பண்ணிப் போட்டோ எடுத்து அனுப்பு. பாஸ் ஆனா நாங்க மூணு பேரும் வர்றோம். ஆகாட்டி, நீ வந்து கூப்ட்டதே எனக்குப் போதும். போயி நல்லா இரு."

பொட்டு ஒட்டிய பத்திரிகையை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். வெறும் நெற்றியோடு அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்து கொண்டேன்.

புதன், பகல் 1.45. திரும்பும் படகு.

யரட்டாவுக்குப் போவது சின்னப் படகு, முப்பது ரூபாய். தேங்காய் மூட்டை, இரண்டு ஆடு, ஒரு பிரிட்ஜ் எல்லாம் ஏறின. வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, முதலில் ஏறிவிட்டேன். கம்பியோரமாக நின்றதும் போனில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பத்திரிகைல அக்கா பேரில்லீங்கம்மா."

"தெரியும் சாமி."

எனக்குக் கோபம் பொத்துக் கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா என்னைய இவ்வளவு தூரம் அனுப்பி வெச்சீங்க?"

 அந்தப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பேரப் போடுங்கன்னு அச்சாபீஸ்காரன்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வல்ல. போட வேண்டாம்னு சொல்ல மனசு வல்ல. ஒரு வரி எடம் உடச் சொல்லீட்டு வந்தேன். நீ பாத்துப் போட்டுருவீன்னு இருந்தேன். எடத்தையும் மூடச் சொல்லீட்டியாமா நீயி. அவன் சொன்னான். செரி, உனக்கும் இஷ்டமில்லையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்."

அந்த வெற்றிடம். அசிங்கமாக இருக்கிறது என்று நான் மூட வைத்தது. என் அம்மா பதினோரு வருடம் கழித்துத் தன் மகளுக்கு விட்ட இடத்தை, அலைன்மெண்ட் தப்பு என்று நான் திருத்தியிருக்கிறேன்.  

"எனக்கு இஷ்டமுங்கம்மா. மறுபடி அடிச்சுக்கலாம். அவரு பேரும் சேத்திப் போடோணும்ங்கிறா."

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். எஞ்சின் உறுமியது. அம்மா சொன்னது சரியாகக் கேட்கவில்லை. காதை அழுத்திப் பொத்திக் கொண்டு, "என்னங்க? கேக்குலீங்க" என்று கத்தினேன்.

"மாப்பள பேருக்கு முன்னால என்ன எழுத்து சாமி? அவங்கப்பா பேரு என்ன? வெறும் பேரா எப்படிப் போடறது, மருவாதியா இருக்காதுல்ல?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் யூனிட்டில் நான்கு வருடம் வேலை பார்த்தவர், என் அக்காவோடு பதினோரு வருடம் வாழ்ந்தவர், அவருடைய அப்பா பெயர் எனக்குத் தெரியவில்லை. ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக் கொண்டிருந்தது. அக்காவும் அவரும் ஜெட்டி விளிம்பில் நின்றிருந்தார்கள். எக்கிக் கம்பிமேல் ஏறி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"மச்சான்! மச்சானுங்க! உங்கப்பா பேரு என்னங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எதுக்கு மாப்ள?"

"பத்திரிகைக்குங்க! அம்மா கேக்குது!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பின்தளத்தில் ஆட்டைப் பிடித்துக் கொண்டிருந்தவருக்குத்தான் முதலில் கேட்டது. தமிழ் தெரியாதவர், கேட்ட சத்தத்தை அப்படியே எனக்குச் சொன்னார். "சூசை! சூசை!"

போனில் கோடு போய்விட்டது. டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதினேன். 'திருமதி கலாமணி – திரு. சூ. மிக்கேல்.' பிறகு அதையே போனில் தட்டினேன். சிக்னல் வந்ததும் அது தானே போய்விடும், ஆனாலும் உடனே அனுப்பவில்லை. ஜெட்டி சிறிதாகி, மஞ்சள் சேலை மட்டும் தெரிந்து, அதுவும் மறையும் வரை, எழுத்து எழுத்தாக இரண்டு முறை வாசித்தேன். அதன் பிறகுதான் அம்மாவுக்கு அனுப்பினேன்.